பையனைத் திட்டுவதற்கு முன் ஒயரைப் பாருங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். வேலை முடிஞ்சு வந்து, ஒரு தே தாரேக் கையில் வச்சுக்கிட்டு பொறுமையா படிங்க. கோவில் நிர்வாகத்தில் இருப்பவர்கள், மண்டபத்தில் ஒலிபெருக்கி பார்க்கும் தொண்டர்கள், பிள்ளைகளை இசைக் குழுவுக்கு அனுப்பும் பெற்றோர்கள் எல்லாரும் கட்டாயம் படிக்கணும்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. குறை சொல்லணும்னா முதலில் எங்களைத்தான் சொல்லணும்.

கடந்த நவராத்திரியில் எங்கள் கோவில் இளைஞர் பஜனைக் குழு 9 நாளும் பாடினாங்க. ஆர்மோனியம், தபேலா, கீபோர்டு, ஒரு பேஸ் கிட்டார், ஒரு சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார். கிட்டார் வாசிக்கிற தம்பி காலுக்குக் கீழே ஒரு மெஷின் வச்சிருப்பார். சின்ன பெட்டி, மேலே நாலஞ்சு சுவிட்ச், ஓரத்தில் ஒரு பெடல். மிதிச்சா சத்தம் மாறும். ஒரு பாட்டுக்கு வீணை மாதிரி நீண்டு ஒலிக்கும், இன்னொரு பாட்டுக்கு மணி அடிச்ச மாதிரி இருக்கும். பக்கத்தில் ஒரு லேப்டாப். அதிலிருந்து சுருதியும் தாளமும் யூஎஸ்பி ஒயர் வழியா அதே பெட்டிக்குள் வரும்.

மூணாவது நாள் "ம்ம்ம்ம்" என்று ஒரு இரைச்சல் ஆரம்பிச்சது. தேவாரம் பாடுற நேரத்தில் பின்னாடி தேனீ கூட்டம் மாதிரி. எல்லாரும் திரும்பி அந்தத் தம்பியைப் பார்த்தாங்க. அவர் மெதுவா எங்ககிட்ட வந்து, "அங்கிள், லேப்டாப் சார்ஜரைக் கழட்டினா சத்தம் போயிடுது. பேட்டரியில ஓட்டிக்கிறேன்"ன்னு சொன்னார்.

நாங்க என்ன செஞ்சோம் தெரியுமா? "பேட்டரி பாதியில செத்துடும் தம்பி, நாங்க பாத்துக்கறோம்"ன்னு சொல்லிட்டு, மேடை எக்ஸ்டென்ஷன் ஒயரோட மூணு பின் பிளக்கைத் திறந்து, பச்சை மஞ்சள் எர்த் ஒயரைக் கழட்டி விட்டோம். இரைச்சல் உடனே நின்னுச்சு. "அண்ணனுங்க கெட்டிக்காரங்க"ன்னு பேர் வேற வாங்கினோம்.

அஞ்சாவது நாள் பேஸ் வாசிக்கிற தம்பி, கோரஸ் பாட மைக்கிட்ட வாயைக் கொண்டு போனப்ப "சுர்"ருன்னு உதட்டில் அடிச்சதுன்னு சொன்னார். நாங்க சிரிச்சோம். "வேர்வை தம்பி, பேன் பக்கம் நில்லு"ன்னோம்.

ஆறாவது நாள் நடு பாட்டில் கிட்டார் மெஷின் "டப்"புன்னு செத்து, திரும்ப உயிர் வந்து, ஒலிபெருக்கியில் வெடி வெடிச்ச மாதிரி ஒரு சத்தம். அம்மன் அலங்காரம் திரை விலக்குற நேரம். ஒரு பெரியவர் எழுந்து நின்னு, மண்டபம் நிறைய ஆள் இருக்கும்போது, "தெரியலைன்னா எதுக்கு கொண்டு வர்றே? கோவிலா, டிஸ்கோவா? எடுத்துட்டுப் போ!"ன்னு கத்திட்டார். தம்பிக்கு வயசு 17. ஒரு வார்த்தை பேசல. ஒயரைச் சுத்தி, பையில போட்டு, அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டார்.

ஏழாவது நாள் அவர் வரல. அன்னைக்கு நாங்க 4 மணிக்கே மண்டபத்துக்குப் போய், ஃபேக்டரியில் லைன் நின்னா என்ன செய்வோமோ அதையே செஞ்சோம். முதல் முனையிலிருந்து கடைசி முனை வரைக்கும் ஒண்ணு ஒண்ணா பார்த்தோம்.

கிட்டார் மெஷின் நல்லா இருந்தது. தம்பி மேலயும் தப்பு இல்லை. அந்த மூணு நாள் பிரச்சினையில் மூணுமே எங்க தப்பு.

முதல் நாள் இரைச்சல்: லேப்டாப் சார்ஜர் மேடை சொக்கெட்டில் இருந்தது. மிக்சர் 15 மீட்டர் தள்ளி அலுவலகப் பக்கச் சொக்கெட்டில் இருந்தது. ரெண்டுக்கும் தனித்தனி எர்த். நடுவில் கிட்டார் ஒயரோட வலைக்கம்பி ரெண்டையும் சேர்த்து ஒரு வட்டம் ஆக்கிடுச்சு. அந்த வட்டத்துக்குள் கரண்ட் சுத்தி, 50 ஹெர்ட்ஸ் மெயின் இரைச்சலும் அதோட மடங்குகளும் பாட்டோட கலந்தது. தம்பி சொன்ன மாதிரி சார்ஜரைக் கழட்டினாலே வட்டம் அறுந்திருக்கும். அவர் கண்டுபிடிச்சது நூத்துக்கு நூறு சரி.

ரெண்டாவது, உதட்டில் அடிச்சது: நாங்க எர்த்தைக் கழட்டின அதே எக்ஸ்டென்ஷனில்தான் பேஸ் ஆம்ப்பும் இருந்தது. இரும்புச் சட்டம் உள்ள ஆம்ப். அதுக்கு எர்த் இல்லைன்னா சட்டத்தில் கசியும் கரண்ட் போக வழியில்லாம அப்படியே நிக்கும். பேஸ் கிட்டார் கம்பி அந்தச் சட்டத்தோட சேர்ந்தது. மைக் மிக்சர் வழியா எர்த்தோட சேர்ந்தது. கை கம்பியில், உதடு மைக்கில். நடுவில் இருந்த ஒயர் அந்தத் தம்பியோட உடம்பு.

அன்னைக்கு கசிந்தது கொஞ்சம்தான். ஆம்ப்புக்குள் ஏதாவது ஒயர் அறுந்து சட்டத்தில் பட்டிருந்தா 230 வோல்ட் நேரா போயிருக்கும். இதை எழுதும்போதும் எங்களுக்குக் கை நடுங்குது.

மிகைப்படுத்தறோம்னு நினைக்காதீங்க. 1972இல் இங்கிலாந்து பக்கத்து வேல்ஸ் நாட்டில், ஸ்வான்சி நகரில், ஸ்டோன் தி குரோஸ் என்ற குழுவின் கிட்டார்காரர் லெஸ் ஹார்வி மேடையிலேயே உயிர் விட்டார். சரியா எர்த் இல்லாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். உலகம் சுத்திய குழு, தொழில்முறை மேடை. அங்கேயே அப்படின்னா, நம்ம மண்டபத்தில் எக்ஸ்டென்ஷன் மேல எக்ஸ்டென்ஷன் சொருகி நடத்துற நமக்கு எவ்வளவு ஜாக்கிரதை வேணும்?

இன்னொண்ணும் பார்த்தோம். மெயின் பெட்டியில் எர்த் கசிவு சுவிட்ச் இருக்கு இல்லையா, அதான் இஎல்சிபி, அதில் டெஸ்ட்ன்னு ஒரு சின்ன பொத்தான். அமுக்கினா சுவிட்ச் விழணும். அமுக்கினோம். விழல. எத்தனை வருஷமா அது செத்துக் கிடந்ததுன்னு யாருக்கும் தெரியாது. லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு அன்னைக்கே மாத்தினோம்.

மூணாவது, மெஷின் செத்து எழுந்தது: தம்பி அன்னைக்கு அடாப்டரை வீட்டில் மறந்துட்டு வந்தார். நாங்க அலுவலக டிராயரில் கிடந்த ஒரு 9 வோல்ட் அடாப்டரை எடுத்துக் கொடுத்தோம். வோல்ட் சரி. ஆனா அது 300 மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும். அவர் பெட்டிக்கு 500 வேணும்னு பின்னாடி எழுதியே இருக்கு. சின்ன மோட்டாரை வச்சுப் பெரிய கன்வேயரை இழுத்தா என்ன ஆகும்? கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் நிக்கும். அதுதான் நடந்தது.

ஃபேக்டரியில் எங்களுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்திருக்காங்க. டோயோட்டாவில் ஆரம்பிச்ச பழக்கம். ஒரு கோளாறு வந்தா அஞ்சு தடவை "ஏன்" கேக்கணும். அதை இதுக்கும் போட்டுப் பார்த்தோம்.

ஏன் இரைச்சல்? ரெண்டு எர்த் ஒரு வட்டமா சேர்ந்தது. ஏன்? மேடையும் மிக்சரும் வேற வேற சொக்கெட். ஏன்? மேடையில் சொக்கெட் போதல. ஏன்? மண்டபம் கட்டும்போது நாதஸ்வரத்துக்கும் சொற்பொழிவுக்கும் மைக் வச்சா போதும்னு கணக்கு போட்டோம். சரி, அப்புறம் ஏன் இது அஞ்சாறு நாள் இழுத்தது? தெரிஞ்ச பையன் முதல் நாளே சொன்னான், நாங்க காதில் வாங்கல.

கடைசி பதிலை எழுதி வச்சுட்டு ரொம்ப நேரம் யாரும் பேசல.

இப்போ எங்கள் கருத்துக்கு வர்றோம்.

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிடறோம். "கோவிலில் எதுக்கு இந்த கிட்டார் மெஷின் எல்லாம்? ஆர்மோனியம், மிருதங்கம் போதாதா?"ன்னு கேக்கறாங்க. நியாயமான கேள்வி. கருவறை பூஜைக்கு நாதஸ்வரமும் தவிலும்தான், அதில் எங்களுக்கு ரெண்டு கருத்து இல்லை. ஆனா ஆர்மோனியமே ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டிதானே? வயலினும் அப்படித்தான். பாலுசுவாமி தீட்சிதர் போன்றவர்கள் கையில் எடுத்த பிறகு அது நம்ம கருவி ஆயிடுச்சு. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசிச்சது எலெக்ட்ரிக் மாண்டலின். கத்ரி கோபால்நாத் வாசிச்சது சாக்ஸபோன். அவங்க கச்சேரியைக் கண்ணை மூடிக் கேட்டவங்க யாரும் "இது எந்த நாட்டுக் கருவி"ன்னு கேக்கல. பிள்ளைங்க தங்களுக்குப் பிடிச்ச கருவியோடு கோவிலுக்குள் வர்றாங்கன்னா, வாசலில் நிறுத்தி அடையாள அட்டை கேக்க வேணாம்.

அடுத்து, இந்த மெஷின் என்னன்னு நம்ம பெரியவங்களுக்குப் புரிஞ்சா பாதி சண்டை குறையும். அந்தக் காலத்தில் கிட்டார் சத்தம் நல்லா வரணும்னா கண்ணாடி டியூப் போட்ட கனமான ஆம்ப் வேணும். ரெண்டு பேர் தூக்கணும். அந்த ஆம்ப் எப்படி நடந்துக்குமோ அதைக் கணக்கா மாத்தி, ஒரு சின்ன கம்ப்யூட்டர் சிப்புக்குள் போட்டதுதான் இந்தப் பெட்டி. ரோலண்ட் கம்பெனி 1995இல் விஜி-8 கொண்டு வந்தாங்க. 1998இல் லைன் 6 கம்பெனியின் பாட் வந்தது. அப்புறம் ஃப்ராக்டல், கெம்பர், 2015இல் ஹீலிக்ஸ். இப்போ பசங்க பகுதி நேர வேலை செஞ்சு சேர்த்த காசில் வாங்குற சின்னப் பெட்டியில் கூட அந்த வித்தை இருக்கு. ஃபேக்டரி ஆளுங்களுக்குச் சொல்றதுன்னா, அது ஒரு பிஎல்சி மாதிரி. உள்ளே சிக்னல் போகுது, நடுவில் புரோகிராம் வேலை செய்யுது, வெளியே சிக்னல் வருது. உள்ளே போறது கெட்டதா இருந்தா வெளியே வர்றதும் கெட்டதாத்தான் இருக்கும்.

எங்கள் அனுபவத்தில் மண்டபத்தில் வரும் கோளாறுகளில் அந்தப் பெட்டிக்கு உள்ளே இருந்தது மிகக் குறைவு. பெரும்பாலும் ஒயர், கரண்ட், இல்லைன்னா யாரோ தெரியாம அமுக்கின ஒரு செட்டிங். ஆனா நாம என்ன செய்யறோம்? முதலில் பையனைத் திட்டறோம். அடுத்து மெஷினைத் திட்டறோம். மூணாவதா "புதுசு வாங்க உபயக்காரர் யாராவது இருக்காங்களா"ன்னு தேடறோம். ஒயரைக் கடைசியில்தான் பார்க்கறோம். வரிசையே தலைகீழ்.

நாங்க இப்போ மிக்சர் பக்கத்துச் சுவரில் ஒட்டி வச்சிருக்கும் வரிசை இது. வேணும்கிறவங்க எடுத்துக்கோங்க.

1. முதலில் பாதியா வெட்டுங்க. மெஷினில் ஹெட்போன் ஓட்டை இருக்கும். போட்டுக் கேளுங்க. ஹெட்போனில் சுத்தமா இருந்தா மெஷின் வரைக்கும் நல்லா இருக்கு, கோளாறு அதுக்குப் பிறகு இருக்கு. ஹெட்போனிலேயே கெட்டிருந்தா கோளாறு மெஷினிலோ அதுக்கு முன்னாடியோ. ஒரு நிமிஷ வேலை. பாதி மண்டபத்தைத் தேடுற வேலை மிச்சம்.

2. கிட்டாரில் வால்யூமை முழுசாக் குறைங்க. இரைச்சல் போனா அது கிட்டார் பிக்கப் பிடிக்கிற இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் பக்கத்தில் இருக்கும் சீரியல் லைட், டிரான்ஸ்பார்மர் எல்லாத்தையும் பிடிக்கும். வாசிக்கிறவர் கொஞ்சம் திரும்பி உக்காந்தாலே குறையும். இந்தத் தொல்லைக்குத்தான் 1955இல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர் ரெட்டைச் சுருள் பிக்கப் செஞ்சார். வால்யூம் குறைச்சும் இரைச்சல் நிக்கலைன்னா, அடுத்த கட்டத்துக்குப் போங்க.

3. சத்தமே வரலையா? பயப்படாதீங்க. டியூனர் ஓடிக்கிட்டு இருந்தா பல பெட்டிகளில் சத்தம் அடங்கிடும். ஓரத்துப் பெடல் வால்யூம் பெடலா இருந்து, குதிகால் பக்கம் சாஞ்சிருந்தாலும் சத்தம் பூஜ்யம். ஒரு தடவை ஒன்றரை மணி நேரம் ஒயரை எல்லாம் மாத்திட்டு, கடைசியில் பெடலை முன்னாடி மிதிச்சதும் சத்தம் வந்தது. சிரிப்பா இருக்கும், ஆனா இது எல்லாருக்கும் நடக்கும்.

4. கரண்ட். அடாப்டரில் மூணு விஷயம் பாருங்க: எத்தனை வோல்ட், எத்தனை மில்லி ஆம்பியர், நடுவில் பிளஸ்ஸா மைனஸ்ஸா. கிட்டார் பெட்டிகள் பெரும்பாலும் 9 வோல்ட், நடுவில் மைனஸ். சில கீபோர்டு அடாப்டரில் நடுவில் பிளஸ். மாத்திச் சொருகினா பெட்டி போயிடலாம். மில்லி ஆம்பியர் அடாப்டரில் கூட இருந்தா பரவாயில்லை, குறைவாத்தான் இருக்கக்கூடாது. ஒரே அடாப்டரில் நாலு பெடலைக் கிளை பிரிச்சுப் போட்டா "கீஈஈ"ன்னு ஒரு விசில் வரும். டிஜிட்டல் பெட்டிக்குத் தனி அடாப்டர் கொடுங்க.

5. சத்தம் வருது, ஆனா தகர டப்பாவில் தேனீ விட்ட மாதிரி வருதா? மெஷினில் ஸ்பீக்கர் பெட்டிக் கணக்குன்னு ஒரு செட்டிங் இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் வெளியே விடாது. நம்ம மண்டப ஸ்பீக்கர் எல்லாத்தையும் விடும். அதனால் மிக்சருக்கு நேரா போகும்போது அந்தச் செட்டிங் போட்டிருக்கணும். கிட்டார் ஆம்ப்புக்குப் போகும்போது அணைச்சிருக்கணும். தம்பி வீட்டில் ஆம்ப்பில் பழகிட்டு அப்படியே கொண்டு வந்தா இது நடக்கும். மெஷினில் ஒரு பொத்தான் வேலை. புதுசு வாங்க வேணாம்.

6. கரகரன்னு உடையுதா? மெஷினிலும் மிக்சரிலும் சிவப்பு விளக்கு எது முதலில் எரியுதுன்னு பாருங்க. எரியிற இடத்தில்தான் அளவு கூட. அதோட, அந்த சானலில் மைக்குக்குக் கொடுக்கிற 48 வோல்ட் பேன்டம் கரண்ட் போட்டிருந்தா அணைங்க. மெஷினுக்கு அது வேணாம், சில பெட்டிகளுக்கு ஆகாது.

7. "மெஷின் லேட்டா கேக்குது அங்கிள்"ன்னு சொன்னா தூரத்தைப் பாருங்க. பெட்டிக்குள் ஆகுற தாமதம் பொதுவா சில மில்லி செகண்ட்தான். ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளி இருந்தா சத்தம் காத்தில் நடந்து வரவே சுமார் 29 மில்லி செகண்ட் ஆகும். மேடையில் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர் வச்சுக் கொடுங்க, தாளம் தானா சேரும்.

8. ஒயரும் ஓட்டையும். கிட்டாருக்கு வலைக்கம்பி சுத்தின ஒயர்தான் வேணும். ஸ்பீக்கர் ஒயரும் அதே மாதிரி முனையோட இருக்கும், ஆனா உள்ளே வலை இருக்காது, அதை கிட்டாருக்குப் போட்டா ஊர் இரைச்சல் எல்லாம் உள்ளே வரும். நம்ம இடத்தில் விபூதித் தூள், கற்பூரப் புகை, நெய்ப் பிசுக்கு எல்லாம் ஓட்டைக்குள் போகும். ஈரக் காத்து வேற. எல்லாத்தையும் அணைச்சுட்டு, கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடிச்சு, முனையை நாலஞ்சு தடவை சொருகி எடுங்க. பூட்டுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை இதுக்கு அடிக்காதீங்க.

9. ஒரு நேரத்தில் ஒண்ணுதான் மாத்தணும். நாலு பேர் நாலு பக்கம் திருகினா, சரியானாலும் எதனால் சரியாச்சுன்னு தெரியாது. நாளைக்குத் திரும்ப வரும்.

10. ரீசெட் கடைசி. ரீசெட் போட்டா தம்பி மாசக்கணக்கா செஞ்சு வச்ச சத்தங்கள் எல்லாம் அழிஞ்சிடும். முதலில் கம்ப்யூட்டரில் நகல் எடுக்கணும். சாப்ட்வேர் புதுப்பிக்கிற வேலையைத் திருவிழா நாளில் தொடவே தொடாதீங்க. நடுவில் கரண்ட் போனா பெட்டி எழுந்திரிக்காமலே போகலாம்.

இந்தப் பத்துக்கும் மேலே, சிவப்பு எழுத்தில் ஒரே வரி எழுதியிருக்கோம்: எர்த்தைத் தொடாதே.

இரைச்சலை நிறுத்த எர்த் ஒயரைக் கழட்டுற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட ரொம்ப நாளா இருக்கு. கல்யாண மண்டபம், ரத ஊர்வலம், ஜென்செட் போட்ட பந்தல் எல்லா இடத்திலும் பார்த்திருக்கோம். "எங்க மாஸ்டர் அப்படித்தான் செய்வார்"ன்னு சொல்லுவாங்க. உங்க மாஸ்டருக்கு அதிர்ஷ்டம் இருந்தது, அவ்வளவுதான்.

சரியான வழி என்ன? முடிஞ்ச வரைக்கும் மேடைச் சாமான்களும் மிக்சரும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்கட்டும். லேப்டாப்பை வீட்டில் முழுசா சார்ஜ் பண்ணிட்டு வந்து பேட்டரியில் ஓட்டட்டும். அப்படியும் இரைச்சல் வந்தா டிஐ பாக்ஸ்ன்னு ஒரு சின்ன பெட்டி இருக்கு. கிட்டார் மெஷினுக்கும் மிக்சர் ஒயருக்கும் நடுவில் போடணும். அதில் கிரவுண்ட் லிஃப்ட்ன்னு ஒரு சுவிட்ச் உண்டு. அது பாட்டு போற ஒயரோட வலைத் தொடர்பை மட்டும்தான் பிரிக்கும். கரண்ட் ஒயரோட எர்த் அப்படியே இருக்கும். வட்டமும் அறுந்தது, உயிரும் பத்திரம். நாங்க ஒண்ணு வாங்கினோம். புது மிக்சருக்குச் சொன்ன விலையில் அது ஒரு மூலைக்குக் கூட வரல.

எங்களை விடப் படிச்சவங்க நிறைய பேர் இதைப் படிப்பீங்க. நாங்க எஸ்பிஎம் வரைக்கும்தான். 30 வருஷம் மெஷின் பக்கத்தில் நின்னு கத்துக்கிட்டது ஒண்ணு இருக்கு. மெஷின் நின்னா ஆபரேட்டரைத் திட்டுற சூப்பர்வைசர் லைனில், அடுத்த தடவை யாரும் கோளாறை முன்கூட்டிச் சொல்ல மாட்டாங்க. மறைப்பாங்க. கடைசியில் யாருக்காவது விரல் போகும். ஃபேக்டரியில் இது தெரிஞ்ச நாமே, கோவிலுக்குள் வந்ததும் மறந்துடறோம்.

பேஸ் தம்பி "அடிக்குது"ன்னு சொன்னப்ப நாங்க சிரிச்சோம். அவர் மறுபடி சொல்லல. சொல்லாம ஆறாவது நாளும் அதே மைக்கில் பாடினார். அது ஞாபகம் வந்தா தூக்கம் வரல.

கத்தின பெரியவரையும் நாங்க குறை சொல்லல. அவர் கஷ்டப்பட்டு உழைச்சு இந்தக் கோவிலைக் கட்டினவங்களில் ஒருத்தர். அம்பாள் திரை விலகுற நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டா யாருக்கும் கோபம் வரும். நாங்க எல்லாத்தையும் விளக்கிச் சொன்னப்ப, கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு, "அப்போ அந்தப் பையன் சரியாத்தான் சொன்னானா?"ன்னு ஒரே கேள்வி கேட்டார். "ஆமாங்கய்யா"ன்னோம். எட்டாவது நாள் காலையில் அவரே எங்களோட காரில் ஏறி அந்தத் தம்பி வீட்டுக்கு வந்தார்.

அம்மா கதவைத் திறந்தாங்க. முகத்தில் சிரிப்பு இல்லை. நாங்க எல்லாரும் உக்காந்து, எர்த் ஒயரைக் கழட்டினது நாங்க, அடாப்டரை மாத்திக் கொடுத்தது நாங்க, உன் பேச்சைக் கேக்காதது நாங்கன்னு ஒண்ணு ஒண்ணா சொன்னோம். தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டார். கடைசியில், "பேஸ் வாசிக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகலையே அங்கிள்?"ன்னார். எங்களில் பதில் சொல்ல யாருக்கும் குரல் வரல.

ஒன்பதாவது நாள் வந்தார். வாசிச்சார். நல்லாவும் இருந்தது. ஆனா உண்மையைச் சொல்லணும், பழைய மாதிரி இல்லை. முன்னாடி பூஜை முடிஞ்சும் மண்டபத்தில் உக்காந்து மத்த பிள்ளைகளுக்கு ரெண்டு ஸ்வரம் சொல்லிக் கொடுப்பார். இப்போ வாசிச்சு முடிச்சதும் பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடறார். எல்லார் முன்னாடியும் பட்ட காயம், வீட்டுக்குள் வந்து கேட்ட மன்னிப்பில் ஆறிடுமா? அதனால் அடுத்த கூட்டுப் பிரார்த்தனையில், எங்கே கத்தினோமோ அதே மைக்கில், எல்லார் முன்னாடியும் சொல்றதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். பெரியவரும் சம்மதிச்சுட்டார்.

நிர்வாகங்களுக்கு எங்கள் வேண்டுகோள் மூணு.

ஒண்ணு, மாசம் ஒரு தடவை இஎல்சிபி டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்க. விழலைன்னா அன்னைக்கே வயர்மேன். "அடுத்த கூட்டத்தில் பேசலாம்" வேணாம்.

ரெண்டு, புது சாமான் வாங்கத் தீர்மானம் போடுறதுக்கு முன்னாடி, பழசில் எது கோளாறுன்னு ஒரு தாளில் எழுதிக் கேளுங்க. எழுத முடியலைன்னா இன்னும் கண்டுபிடிக்கலைன்னு அர்த்தம். உபயக்காரர் காசு வேர்வைக் காசு.

மூணு, மேடையில் என்ன நடந்தாலும் மைக் முன்னாடி பிள்ளைகளைத் திட்டாதீங்க. சத்தம் அதிகமா? மிக்சரில் குறைங்க. அந்த சானலை அணைங்க. பூஜை முடிஞ்சதும் கூப்பிட்டு "என்ன ஆச்சு தம்பி?"ன்னு கேளுங்க. பல தடவை பதில் அவங்ககிட்டதான் இருக்கும்.

தொண்டர்களுக்கு ஒரே வேண்டுகோள். இன்னைக்கு ராத்திரியே உங்க மண்டபத்து எக்ஸ்டென்ஷன் பிளக்கை எல்லாம் சுவரிலிருந்து கழட்டி, திறந்து பாருங்க. பச்சை மஞ்சள் ஒயர் அதோட இடத்தில் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அந்த ஒயரை வெட்டிக் குப்பையில் போடுங்க, வேற யாரும் எடுத்துச் சொருகிடக் கூடாது. யார் கழட்டினதுன்னு விசாரணை எல்லாம் அப்புறம்.

எங்க கோவிலில் நாலு எக்ஸ்டென்ஷனைத் திறந்தோம். நாங்க கழட்டினது ஒண்ணு. இன்னொண்ணும் கழண்டு இருந்தது. அது யார் கழட்டினது, எந்த வருஷம்னு யாருக்கும் தெரியல.

தெரிஞ்ச கோவில் குழுக்களுக்கு அனுப்புங்க. எங்க விளக்கத்தில் தப்பு இருந்தா, எலெக்ட்ரிக்கல் தெரிஞ்சவங்க கீழே எழுதுங்க. திருத்திக்கிறோம்.

வணக்கம்.
கோவில் ஒலி, ஒளித் தொண்டர் குழு